சின்னம்மா குருவி பார்க்கப் போன காடு

பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். தேங்காயெண்ணெய் தடவித்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். இப்போதும் ஆனி மாதத்தில் கந்தளாய் வீதியோரம் சிறு பைகளில் கட்டி விற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கேட்டால் வாங்கிக் கொடுப்பேன். நான் தின்பதில்லை. ஏனென்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு சீனக்குடாவில், துறைமுகத்தின் உள்வளைவு முடிகிற பக்கம் இருந்தது. முன்வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலாகக் கப்பல்களின் கொடிக்கம்பங்கள் தெரியும். பின்வாசலில் நின்றால் காடுதான். வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள், பெரிய இரும்புத் தொட்டிகள், அந்தக் காட்டுக்குள் துருவேறிக் கறள் பிடித்துக் கிடந்தன. பாலை, வீரை, முதிரை, இடைக்கிடை பெரிய ஆல். எங்கள் வேலிக்கும் அரசாங்கக் காட்டுக்கும் நடுவில் அம்மாவின் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அதிலும் காடுதான். அது சின்னம்மாவுக்குச் சீதனமாக ஒதுக்கியிருந்த காணி. இப்போது அங்கே சீமெந்துக் கல் அரிகிறார்கள். போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். நிழலுக்கு ஒரு தகரக் கொட்டில் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஐப்பசி மாதத்தில் எங்களோடு இருக்க வந்தார். நாள் வைத்த கலியாணம் ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு வந்து பின்னறையில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். மற்றபடி யன்னல் பக்கமே இருப்பார். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சின்னம்மாவை ஒண்டும் கேக்காத" என்று சொல்லியிருந்தார்.

முதல் மழை பெய்த காலையில் குசினிக்குள், அடுப்படியில், ஒரு குருவி வந்து விழுந்தது. முதுகு பச்சை, சிறகில் ஒரு நீலத்துண்டு, வாலுக்குக் கீழே குங்குமம் கொட்டினதுபோலச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு குரலில் கூப்பிடுமே, அதுதான். வாடைக்காற்றோடு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும். வந்த களைப்பில் வீடுகளுக்குள் விழும். அம்மா அதை விளக்குமாற்றால் தள்ளப் போனார். பின்னறையிலிருந்து சின்னம்மா ஓடிவந்து சேலைத் தலைப்பில் எடுத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து அவர் ஓடியதை அன்றுதான் கண்டேன். பனையோலைக் கடகத்தால் மூடி, தண்ணீர் வைத்து, பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார். அது சருகுக்குள் தத்தித் தத்திப் போய் ஒரு புழுவைக் கொத்தியது.

"பிழைச்சிடும்" என்றார் சின்னம்மா.

அதன் பிறகு நாங்கள் நாளாந்தம் போகத் தொடங்கினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் நான் சட்டையை மாற்றுவேன். சின்னம்மா வெற்றுப் பால்மாத் தகரப்பேணி ஒன்றை எடுத்துக்கொள்வார், வழியில் கிடைப்பதைப் போட. அம்மாவுக்கு அது நல்லதாகவே பட்டது. தங்கை அறையைவிட்டு வெளியே வருகிறாளே என்று.

சின்னம்மாவுக்கும் எனக்கும் அந்தக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மாரியில் வீரையும் பாலையும் புதுக்குருத்து விட்டன. குருத்தைத் தின்னப் பச்சைப்புழு வந்தது, புழுவைத் தின்ன எங்கிருந்தோ சின்னச் சின்னக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. தை பிறந்ததும் முள்ளுமுருக்கு இலையைக் கொட்டிவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்தது. மைனாவும் தேன்குருவியும் அதில் சண்டை பிடித்தன. பூ முடிகிற காலம் ஆல் பழுத்தது. பச்சைப்புறாக்கள் இலைக்குள் இலையாக இருந்து தின்னும். ஒரு பழம் தலையில் விழுந்தால்தான் மேலே புறா இருப்பது தெரியும். மரங்கொத்தி துளைத்துவிட்டுப் போன பொந்துக்குள் அடுத்த மாதம் கிளி இருந்தது. பங்குனி வெயிலில் ஆறுமணிக்குருவியின் சத்தம் ஒரு நாள் நின்றுபோனது. "போயிட்டுது" என்றார் சின்னம்மா. எனக்கு அழுகை வந்தது. அவர் சிரித்து, "திரும்பி வரும், விசர்ப்பிள்ளை. இஞ்ச சாப்பாடு கிடக்கிற மட்டும் வரும்" என்றார்.

சித்திரையில்தான் அந்தச் சோடி வந்தது.

சின்னம்மாவின் காணியில், அரசாங்கக் காட்டின் எல்லையோடு ஒரு கிழட்டுப் பாலை நின்றது. இரண்டு ஆள் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத அடிமரம். ஆளுயரத்துக்கும் வெகு மேலே ஒரு கொப்பு முறிந்த இடத்தில் பொந்து. கறுப்பும் வெள்ளையுமாய், கோழியைவிடப் பெரிதாய், சொண்டுக்கு மேல் இன்னொரு சொண்டு வைத்தது போன்ற இரண்டு பறவைகள் அதைச் சுற்றின. இரட்டைச் சொண்டுக் குருவி என்பார்கள், புத்தகத்தில் இருவாய்ச்சி. பறந்தால் சிறகு இரைவது காற்றுப் பிடித்த பாய் போலக் கேட்கும். ஒரு நாள் பெண் பொந்துக்குள் போனது. வெளியே வரவில்லை. அடுத்த நாட்களில் பொந்தின் வாயை உள்ளிருந்தபடியே தன் எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துவிட்டது. சொண்டு நுனி நுழையுமளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் பழத்தைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி, அந்தக் கீறலுக்குள்ளால் ஊட்டியது.

சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருப்பார். ஆண் வரப் பிந்தினால் பொந்தைப் பார்த்து, "பயப்படாத, வருவான்" என்பார். வந்தால், "எங்க போனனி இவ்வளவு நேரம்?" என்று அதை ஏசுவார். நான் சிரிப்பேன்.

வைகாசியில் எனக்குக் கொப்புளிப்பான் போட்டது. வேப்பிலைக்குள் கிடந்தேன். சின்னம்மா தனியே போனார். மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. வந்து யன்னலுக்கு வெளியே நின்று எனக்குச் சொல்லுவார். உள்ளே குஞ்சு கத்துகிறது, இன்றைக்கு ஓணான் கொண்டுவந்து கொடுத்தது, பாலை காய்த்துக் குலுங்குகிறது, பழுத்தால் அதற்கு அலைய வேண்டியிருக்காது.

அந்தக் கிழமைகளில்தான் கதை பரவியது. மாடு சாய்த்துக்கொண்டு காட்டுக்குள்ளால் வருகிற பால்காரம்மா, ஒரு காலை போத்தலை வைத்துவிட்டு அம்மாவிடம் மெல்லச் சொன்னதை நான் படுக்கையில் கிடந்து கேட்டேன்.

"உங்கட தங்கச்சி அந்தப் பெரிய பாலைக்குக் கீழ இருந்து ஆரோடயோ கதைச்சுக்கொண்டிருக்கிறா. ஆளை நான் காணேல்ல. குரல் மட்டும் கேட்டது. எங்க போனனி இவ்வளவு நேரமெண்டு கேக்கிறா. நான் சொன்னனெண்டு சொல்லாதேங்கோ."

அம்மா போத்தலைக் கழுவாமலே கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியமாமா வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர். பட்டினத்தில் கடை வைத்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தகப்பன் செத்தபிறகு இரண்டு தங்கைகளையும் வளர்த்தவர். ஏற்கனவே ஒரு கலியாணம் குழம்பிய பெண்ணுக்கு இப்படியொரு பெயரும் வந்தால் என்ன ஆகும் என்று பயந்துபோய் வந்திருந்தார். அந்தப் பயம் எனக்கு இப்போது விளங்குகிறது. அன்று எனக்குத் தெரிந்தது அவருடைய சத்தம் மட்டுந்தான்.

கதிரையில் உட்கார்ந்து, சின்னம்மாவை முன்னால் நிறுத்தினார்.

"ஆரவன்?"

"ஒருத்தருமில்லை, அண்ணா."

"அப்ப என்னத்துக்குக் காட்டுக்க போறனி?"

"குருவி பாக்க."

மாமா என் தகப்பனை, ஐயாவை, திரும்பிப் பார்த்தார். ஐயா துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அன்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியளே மச்சான்? குருவி பாக்கப் போறாவாம். கலியாண வயசுப் பெட்டை, ஒரு நாளைக்கு ரெண்டுதரம், தனிய."

நான் படுக்கையைவிட்டு எழும்பி வாசலில் வந்து நின்றேன். "ஓம் மாமா, குருவிதான். நானும் போறனான். பொந்துக்குள்ள இருக்கு. சின்னம்மா அதோடதான் கதைக்கிறவா" என்றேன்.

மாமாவின் முகம் இன்னும் கறுத்தது. "சின்னப்பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வைச்சிருக்கிறாய், என்ன?" என்று சின்னம்மாவைக் கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் உண்மையைச் சொன்னேன். அது சின்னம்மாவுக்கு எதிராகவே போனது. ஒரு பிள்ளையை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் ஒளிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

அன்றே இரண்டு விஷயங்கள் முடிவாயின. சின்னம்மா அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. காணி வெட்டித் துப்புரவாக்கப்பட வேண்டும். "காடாக் கிடக்கிற காணியை நம்பி ஆர் வருவான்? வெட்டி வெளியாக்கினா ஒரு வீடு கட்டலாமெண்டாவது வருவாங்கள்" என்றார் மாமா. கந்தளாயில் சீனி ஆலையில் வேலைசெய்கிற ஒருவர் இருந்தார். மனைவி செத்தவர், வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர். அவரைக் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார்.

அறைக்குள் அனுப்பப்பட்ட சின்னம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, கந்தளாயாரையே கட்டுறன். நீங்கள் ஆரைச் சொன்னாலும் கட்டுறன். அந்த ஒரு பாலையை மட்டும் ஆடி முடியுமட்டும் விடுங்கோ. குஞ்சு வெளியால வரட்டும். பிறகு அதையும் வெட்டுங்கோ."

"அந்த மரத்தில என்னடி இருக்கு உனக்கு?"

"குருவி இருக்கு. வெட்டினா அதால பறக்க ஏலாது. உள்ளுக்கு இருக்கேக்க சிறகெல்லாம் கொட்டிப்போடும். கீறலுக்குள்ளால வந்து விழுந்ததுகளை நான் பொறுக்கி வைச்சிருக்கிறன்."

மாமா கதிரையைவிட்டு எழும்பினார். "சரி. விடுறன்" என்றார். நான் என் காதால் கேட்டேன்.

ஆனி மாதம் கச்சான் காற்று தொடங்கியது. காய்ந்த காற்று, யன்னல் சட்டங்களை அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு உடம்பு தேறியிருந்தது. கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். அப்போது பாலம் ஏது? கோடரியும், இரண்டு பேர் பிடித்து இழுக்கிற வாளும் கொண்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் காக்கா என்று, அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை சொல்லி, கூப்பிட்டோம். வேலிப்பக்கமிருந்து வெட்டத் தொடங்கினார்கள். முதிரை, வீரை, பழம் நிறைந்த இளம்பாலைகள். மரம் விழுந்த இடத்தில் மஞ்சள் பழம் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். நானும் தின்றேன்.

சின்னம்மா ஒவ்வொரு மரம் விழும்போதும் அறைக்குள்ளிருந்து, "இது எது?" என்று என்னைக் கேட்பார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவந்து சொல்வேன்.

ஒரு மத்தியானம் நிலம் அதிர்ந்தது. அவர் கேட்கவில்லை.

லொறி முன்கூட்டியே வந்துவிட்டதாம். திரும்பவும் ஒரு மரத்துக்காக லொறி வராது என்று மாமா அதையும் வெட்டச் சொல்லியிருந்தார். ஒரு குருவிதானே என்று நினைத்திருப்பார்.

நான் போனபோது கிழட்டுப் பாலை நீட்டுக்குக் கிடந்தது. பொந்து இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. காக்கா கோடரியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் இருந்தார். பிளவுக்குள் அந்தப் பெண்குருவி ஒடுங்கிக்கொண்டிருந்தது. சிறகில் பெரிய தூவலிறகு ஒன்றுமில்லை. சொண்டை அகலத் திறந்து எங்களைப் பார்த்தது. பக்கத்தில் தோலும் எலும்புமாய் இரண்டு குஞ்சுகள். ஒன்று நசிந்திருந்தது.

"இதுக்குள்ள உசிர் இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்லியே" என்றார் காக்கா. "சொல்லியிருந்தா கை வெச்சிருக்க மாட்டனே, மகள்."

அம்மா கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். சின்னம்மா வந்தார். செருப்பில்லை. வெட்டிய கட்டைகளின் மேல் நடந்து வந்தார். யாரையும் ஏசவில்லை. பெண்குருவியைச் சேலைக்குள் சுற்றி எடுத்தார். அது அவருடைய கையைக் கொத்தியது, இரத்தம் வந்தது, அவர் பிடியை விடவில்லை. உயிரோடிருந்த குஞ்சை என் பாவாடை மடிக்குள் வைத்தார். கைக்கு அது அடுப்பில் சுட்ட கிழங்கு போலச் சுட்டது. விடிவதற்குள் அது செத்துவிட்டது.

ஐயா அன்று வேலையால் வந்து, அரிக்கன் லாம்புகள் வைத்திருந்த தேயிலைப் பெட்டியை வெறுமையாக்கி, முன்பக்கம் கோழிக் கம்பிவலை அடித்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. பெட்டியை வேலிப் பூவரசின் கவர்க்கிளையில் கட்டி, குருவியை அதற்குள் விட்டோம்.

அடுத்த நாள் காலை ஆண் வந்தது. முதலில் விழுந்த மரத்தின் மேல் வட்டமடித்தது. பிளவில் இருந்து கூப்பிட்டது. பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. பூவரசில் வந்து குந்தி, தலையைச் சரித்து வெகுநேரம் பார்த்தது. பிறகு தொண்டையை ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு பாலைப்பழத்தைச் சொண்டு நுனிக்குக் கொண்டுவந்து, வலைக்கண்ணுக்குள்ளால் கொடுத்தது. பிறகு இன்னொன்று.

குசினி வாசலில் அம்மா நின்றார். ஐயா வேலைக்குப் போக உடுத்த உடுப்போடு நின்றார். சின்னம்மா யன்னலுக்குப் பின்னால்.

"உண்மையாத்தான் குருவி பாக்கப் போயிருக்கிறாள்" என்றார் ஐயா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஞாயிறு மாமா வந்தபோது ஐயா அவரைப் பூவரசடிக்குக் கூட்டிப் போனார். மாமாவும் பார்த்தார். ஆண் இரண்டுமுறை வந்து ஊட்டிவிட்டுப் போகும் வரைக்கும் பார்த்தார்.

"நாங்கள் பிழை விட்டிட்டம், மச்சான்" என்றார் ஐயா.

மாமா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பிழையோ சரியோ, கந்தளாயாருக்குச் சொல்லியாச்சு. இப்ப நிப்பாட்டினா ஊர் கதைச்சதெல்லாம் உண்மையெண்டு ஆயிடும்" என்றார். வெயில் ஏற முதல் மாமா போய்விட்டார். சின்னம்மாவிடம் பேசவில்லை.

அம்மாதான் பேசினார். சின்னம்மாவுக்குத் தலை இழுத்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் அண்ணரோட கதைக்கிறன்."

"நான் கட்டுறனெண்டு சொன்னனான், அக்கா."

"அண்ணர் தான் சொன்னதைக் காப்பாத்தேல்லையே."

"அது அவற்ற பாடு."

சீப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. கோயிலில் சுருக்கமாக. மாப்பிள்ளை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், ஆனால் ஐயாவைவிட வயது போனவர். சின்னம்மா போகும்போது என்னைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் தண்ணீர் மாற்ற வேண்டிய விதத்தைச் சொன்னார். குருவியின் சிறகில் புதுத்தூவல் குருத்துவிடத் தொடங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான். வலையை நீயே திறந்துவிடு" என்றார்.

ஆனால் காணி அப்போது வெளியாகிவிட்டிருந்தது. கிட்ட நின்ற பழமரம் எல்லாம் போய்விட்டன. ஆண் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. நாலைந்துதரம் வந்தது இரண்டுதரமாகக் குறைந்தது. பிறகு காலையில் மட்டும். பிறகு ஒரு நாள் வரவில்லை. யாராவது சுட்டார்களோ, வேறெங்கும் போனதோ தெரியாது. நான் பப்பாசிப்பழமும் வாழைப்பழமும் வைத்தேன். பெண் கொஞ்சம் தின்றது. பிறகு தின்னவில்லை. நாள் முழுக்க எண்ணெய்க் குதங்கள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் பெட்டியின் மூலையில் சொண்டை நெஞ்சுக்குள் புதைத்தபடி செத்துக் கிடந்தது.

அம்மா என்னைத் தொடவிடவில்லை. தானே மண்வெட்டி எடுத்துக் கிணற்றடியில் குழி வெட்டினார். வெட்டும்போது சத்தமாக அழுதார். கலியாணத்தன்று கூட அவர் அப்படி அழவில்லை.

ஐப்பசியில் அம்மாவும் நானும் பஸ்ஸில் கந்தளாய்க்குப் போனோம். சின்னம்மாவை நான் உயிரோடு கண்டது அதுதான் கடைசி. அடுத்த மாரியில் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனார். பிள்ளையும் தங்கவில்லை.

அன்று அவர் ஆலைக் குடியிருப்பின் ஒரு வீட்டு வாசலில் நின்று எங்களை வரவேற்றார். மெலிந்திருந்தார். வயதில் தனக்குக் கிட்ட இருந்த பிள்ளைகளுக்கு உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, கேட்கப் பயந்தவர்போல, எங்களைப் பார்க்காமல் கேட்டார்.

"பறந்திட்டுதா, அக்கா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். ஆவணிக் கடைசியில பறந்திட்டுது."

"சோடியாயோ?"

"சோடியாத்தான். மற்றது வந்து கூட்டிக்கொண்டு போனது. அவரும் பாத்தவர்." ஐயாவையும் சாட்சிக்கு இழுத்தார் அம்மா. வாழ்நாளில் அவர் அவ்வளவு விபரமாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"நல்லது" என்றார் சின்னம்மா. சிரித்தார். எங்களுக்குப் பலகாரம் எடுத்து வைத்தார். அம்மாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. அதிகமாகக் கதைத்தார், அதிகமாகத் தின்றார்.

வெளிக்கிடும்போது அம்மா முகம் கழுவப் பின்பக்கம் போனார். சின்னம்மா என்னைக் கிட்ட இழுத்து, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"எங்க தாட்டனீங்கள்?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "கிணத்தடியில" என்றேன். "அம்மாதான் குழி வெட்டினவா."

அவர் தலையாட்டினார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் பின்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியுமெண்டு அக்காவுக்குச் சொல்லாத, பிள்ளை."

அம்மா எண்பது தாண்டி, போன வருடம்தான் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்திலும், சின்னம்மாவின் பேச்சு வந்தால், "அதுவெண்டாலும் அவளுக்கு ஒரு ஆறுதலாய் இருந்திருக்கும்" என்பார். நான் ஓமென்று சொல்வேன்.